களப்பணியில் ஒரு சுத்தியல்

போன மாதம் ஒரு காலையில், அவனியாபுரத்தில் என் வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பழைய அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பேசியவர் நிவேதா. நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்த அதிகாரி. இரண்டு மூன்று முறைதான் நேரில் பார்த்திருக்கிறோம்.

"சார், தொந்தரவுக்கு மன்னிச்சுக்கங்க. பழைய கருவி எல்லாத்தையும் கண்டம் பண்ணிக் கழிக்கிறோம். இனிமே ட்ரோன்தான். ஸ்டாக் புத்தகத்துல எல்லாம் சரியா வந்துருச்சு, ஒரே ஒரு பாறைச் சுத்தியல் மட்டும் இடிக்குது. வருஷா வருஷம் 'களப்பணியில் உள்ளது'ன்னு எழுதியிருக்கு. முதல்ல அருளானந்தம்னு ஒருத்தர் கையெழுத்து, பெறகு பூராம் உங்க கையெழுத்து. அது எங்க சார் இருக்கு?"

"விசாரிச்சுச் சொல்றேம்மா" என்று போனை வைத்துவிட்டேன். விசாரிக்க என்ன இருக்கிறது? அது எங்கே போனது என்று எனக்குத் தெரியும். ஒரு வரியில் பதில் கேட்கிறார் அந்தப் பெண். ஒரு வரியில் சொல்லக்கூடிய விஷயமா அது? என் முப்பது வருஷ வேலையில் நான் செய்த பெரிய தப்பு அந்தச் சுத்தியலோடு சேர்ந்து கிடக்கிறது. இதுவரை வாய்விட்டு யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வேலை என்னவென்று சொன்னால் பாதிப்பேர் சிரிப்பார்கள், மீதிப்பேர் "புதையல் இருக்கா சார்?" என்பார்கள். மண்ணைத் தோண்டாமல் மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்வது எங்கள் பிழைப்பு. அதற்கு இரண்டு கருவிகள். பூமி எல்லா இடத்திலும் ஒரே அளவாக இழுப்பதில்லை. அடியில் கனத்த பாறை இருந்தால் இழுப்பு கொஞ்சம் கூடும். பாறை உளுத்து, உதிர்ந்து, லேசாகக் கிடந்தால் கொஞ்சம் குறையும். அந்தக் 'கொஞ்ச'த்தை அளப்பது ஈர்ப்புமானி. அதேபோல, சில பாறைகளுக்குக் காந்த குணம் உண்டு. அவை அடியில் ஓடினால் மேலே பூமியின் காந்தம் லேசாக ஏறி இறங்கும். அதை அளப்பது காந்தமானி. இரண்டையும் தூக்கிக்கொண்டு கயிறு பிடித்த மாதிரி நேர்கோட்டில் நடக்க வேண்டும். இத்தனை அடிக்கு ஒரு இடம் என்று நின்று, படித்து, எழுதி, மறுபடி நடக்க வேண்டும். வெயிலில் நாள் பூராவும் இதுதான்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு பயிற்சி, மாற்றல் என்று ஏழு வருஷம் வெளியூர்களில் ஓடியது. அதில் சொல்ல ஒன்றுமில்லை. வேலையைக் கற்றுக்கொண்டது மதுரைக்கு மாற்றலாகி வந்து அருளானந்தம் சாரிடம் சேர்ந்த பிறகுதான். அப்போது எனக்கு முப்பத்தைந்து தாண்டியிருந்தது. எல்லாம் தெரியும் என்ற மிதப்பில் இருந்தேன்.

சார் ஒல்லியான ஆள். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. டிரைவர் முதல் கூலி ஆள் வரை எல்லோரும் அவருக்கு 'நீங்க'தான். பேண்ட்டுக்கு பெல்ட் கிடையாது, பருத்தி நாடா. செருப்பு, ஆணி அடிக்காமல் கையால் தைத்தது. மூக்குக்கண்ணாடியின் கீலில் இருக்கிற சின்னஞ்சிறு ஆணியைக்கூட நம்பாமல் அதை எடுத்துவிட்டு நூலால் கட்டியிருந்தார். காந்தமானிக்குப் பக்கத்தில் இரும்பு போனால் கணக்கு கெட்டுவிடும். அதற்காக இவ்வளவும். வீட்டில் அவர் மனைவி எப்படித்தான் காலம் தள்ளினாரோ!

அவரிடம் இரண்டு சட்டம் உண்டு. ஒன்று, பேஸுக்குத் திரும்புவது. காலையில் முதல் அளவு எடுத்த இடத்துக்குப் பேஸ் என்று பெயர். மணிக்கொரு தரம் அங்கே திரும்பி வந்து மறுபடி படிக்க வேண்டும். வெயில் ஏற ஏறக் கருவி தானாகவே கொஞ்சம் நகர்ந்துவிடும். எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்கத்தான் இது. "எம்புட்டு தூரம் போனாலும் பேஸுக்கு வந்து சொல்லிட்டுப் போங்க" என்பார். இரண்டாவது, முள் சோதனை. காந்தமானி நடக்கும் நாளில் ஒவ்வொருவர் உடம்பிலும் தலையிலிருந்து கால் வரை திசைகாட்டியை நகர்த்துவார். முள் அசைந்தால் எங்கோ இரும்பு இருக்கிறது. சாவி, பாட்டில் திறப்பான், சனீஸ்வரனுக்குப் போட்ட இரும்பு மோதிரம், தாயத்துத் தகடு என்று எல்லாம் வெளியே வரும். பெண்கள் வேலைக்கு வந்திருந்தால் திசைகாட்டியை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொள்வார். "நீங்களே பாத்துக்கங்கம்மா. முள்ளு ஆடுச்சுன்னா மட்டும் சொல்லுங்க." காலையில் ஒரு தடவையோடு முடியாது. அளக்கிற கோட்டை விட்டு யார் நகர்ந்து போய்த் திரும்பி வந்தாலும் மறுபடி முள். தண்ணீர் குடிக்கப் போனாலும் சரி, ஒன்றுக்குப் போனாலும் சரி.

எனக்கு இதெல்லாம் சள்ளையாக இருக்கும். ஒரு சமயம் இதே அவனியாபுரத்தில் ஈர்ப்பு அளவு எடுத்தோம். பக்கத்தில் நாலைந்து பட்டறை. சம்மட்டி விழ விழ, கருவிக்குள் இருக்கிற கோடு நடுங்குகிறது, படிக்க முடியவில்லை. அளவை அடுத்த தெருவுக்குத் தள்ளிவிடலாம் என்றேன் நான். சார் கேட்கவில்லை. பட்டறைக்காரர்கள் டீ குடிக்கிற நேரம் வரை ரோட்டோரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். பட்டறையில் ஒருவர், "என்னண்ணே, இந்தப் பொட்டிக்குள்ள என்ன கோழி அடை காக்குதா?" என்று கேட்டார். சார் சிரித்துக்கொண்டே, "ஆமாங்க, சத்தம் போட்டா எந்திரிச்சுப் போயிரும்" என்றார். அன்று பட்டறைக்காரர்களே ஒரு கால் மணி நேரம் சம்மட்டியை ஓரமாக வைத்தார்கள். அந்த அளவு சரியாக வந்தது. நான் அப்போதும் திருந்தவில்லை.

இனி அந்த ஊர். எழுமலைக்கும் பேரையூருக்கும் நடுவில் இருக்கிறது, பெயர் வேண்டாம். மானாவாரிக் காடு. மேற்கே ஊர், கிழக்கே காலனி, இரண்டுக்கும் நடுவில் வடக்குத் தெற்காக ஒரு காய்ந்த ஓடை, ஓடையை ஒட்டிச் சுடுகாடு. குடிதண்ணீருக்கு ஊர்ப் பக்கம் ஒரே ஒரு பழைய அடிகுழாய். காலனிப் பெண்கள் ஓடையைத் தாண்டி வந்து, ஊர்ச்சனம் பிடித்து முடித்த பிறகுதான் குடத்தை வைக்க முடியும். சில நாள் வெறுங்குடத்தோடு திரும்புவதும் உண்டு. அந்த ஊருக்கு ஒரே ஒரு ஆழ்துளைக் கிணறு அனுமதியாகியிருந்தது. எங்கே போடுவது என்று நாங்கள் சொல்ல வேண்டும். ஒரே இடம், ஒரே தடவை.

சார் அந்த வாரம் மதுரையில் ஒரு விசாரணைக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டார். நான்தான் பொறுப்பு. பொங்கல் முடிந்து ஆண்கள் எல்லாம் வெளியூர் வேலைக்குப் போய்விட்டார்கள். காந்தமானியின் கம்பைத் தூக்கி வர காலனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். பாண்டியம்மா. இருபத்தைந்து வயது இருக்கும். அலுமினியக் கம்பு, அதன் உச்சியில் உணரி. அவள் கம்பை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், நான் சற்றுத் தள்ளி நின்று பெட்டியில் எண்ணைப் படித்து எழுத வேண்டும்.

"இரும்பு ஏதாச்சும் வச்சிருக்கியாம்மா?" என்றேன். அவள் அந்தப் பக்கம் திரும்பி, தாலிக்கயிற்றில் கோத்திருந்த நாலு ஊக்கையும் கழற்றி, தலையில் இருந்த ஊசியையும் எடுத்து என் முன்னால் நீட்டினாள். "அம்புட்டுத்தான் சார்." எனக்குத் திருப்தி. கேட்டதுமே ஊக்கைக் கழற்றித் தருகிறவளிடம் திசைகாட்டியை நீட்டுவானேன்? உண்மையைச் சொன்னால், ஒரு பெண்ணிடம் அதை நீட்டக் கூச்சமாகவும் இருந்தது. திசைகாட்டி என் சட்டைப்பையில் கிடக்கக்கூடாது என்று ஜீப்பில் வைத்ததோடு சரி. அந்த வாரம் முழுக்க அதை நான் வெளியே எடுக்கவில்லை.

ஊரிலிருந்து காலனி வரை மேற்குக் கிழக்காக மூன்று கோடுகள் நடந்தோம். கெட்டிக்காரி. சொன்ன இடத்தில் சொன்னபடி நிற்பாள். ஓடையை நெருங்கும்போது மட்டும், "தண்ணி குடிச்சிட்டு வாரேன் சார்" என்று அங்கிருந்த புளியமரத்தடிக்குப் போவாள். பையை அங்கேதான் மாட்டியிருந்தாள். வருவாள், ஓடையைத் தாண்டுவோம், தாண்டியதும் மறுபடி ஒரு ஓட்டம் போய் வருவாள். வெயில் காட்டில் யாருக்குத்தான் தாகம் எடுக்காது?

சாயங்காலம் எண்களை வரைந்தபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மூன்று கோடுகளிலும், ஓடையை ஒட்டி, ஒரே இடத்தில் காந்தம் மேடு தட்டியிருந்தது. எங்கள் அலகில் சுமார் நாற்பது காமா. மூன்றையும் இணைத்தால் வடக்குத் தெற்காக ஒரு கோடு. அடியில் கருங்கல் சுவர் ஒன்று ஓடுகிறது என்று அர்த்தம். பாறைப் பிளவில் உருகி ஏறி இறுகிப்போன சுவர். அது மண்ணுக்குள் ஒரு வரப்பு மாதிரி. மேட்டிலிருந்து வரும் தண்ணீர் அதில் முட்டி, மேல் பக்கத்தில் தேங்கும். மேல் பக்கம் என்றால் ஊர்ப் பக்கம். சுவருக்குக் கீழே இருக்கிற காலனிப் பக்கம் வறண்டு கிடக்கும். இதுதான் நான் கட்டிய கதை.

ஈர்ப்புமானி வேறு கதை சொன்னது. காலனிக்கு நடுவில், ஆட்டுக்கொட்டடிப் பக்கம் மூன்று இடங்களில் இழுப்பு குறைந்திருந்தது. அங்கே பாறை ஆழம் வரை உளுத்திருக்கலாம். உளுத்த பாறையில்தான் தண்ணீர் நிற்கும். ஆனால் ஈர்ப்புக்கு இடத்தின் உயரம் அச்சுப்பிசகாமல் தெரிய வேண்டும். காலனிக்குள் மட்டம் பார்த்த அன்று நான் அவசரப்பட்டிருந்தேன். அதனால் அந்தப் பள்ளத்தை என்னாலேயே நம்ப முடியவில்லை. 'உயரம் சந்தேகம்' என்று எழுதி ஒதுக்கிவிட்டேன்.

மதுரையில் சார் படத்தைப் பார்த்தார். காலனிப் பள்ளத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டார். அவர் கோபம் அவ்வளவுதான்.

"மறுபடி மட்டம் பாத்தீங்களா?"

"நேரம் இல்ல சார். நாளைக்கு அறிக்கை போகணும். காந்தம் இம்புட்டுத் தெளிவா இருக்கு."

"முள்ளு பாத்தீங்கள்ல?"

"பாத்தேன் சார்."

சொல்லிவிட்டேன். ஊக்கைக் கழற்றி வாங்கியதை முள் பார்த்த கணக்கில் சேர்த்துக்கொண்டேன். என் பேச்சை நம்பி அவர் கையெழுத்துப் போட்டார்.

சித்திரை மாதம் துளை போடும் ரிக் வண்டி வந்தது. ஊர்ப் பக்கம், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இறக்கினார்கள். ஊரும் காலனியும் மொத்தமாகத் திரண்டு நின்றன. முதல் நூறு அடியில் வெள்ளைப் புழுதி, இருநூறில் புழுதி, முந்நூறில் புழுதி. ஐந்நூறு அடியில் ரிக் டிரைவர் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "புகைதான் சார் வருது. இதுக்கு மேல எறக்கிப் பிரயோசனம் இல்ல." கூட்டம் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. பஞ்சாயத்துத் தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்க தலையெழுத்து சார்" என்றார். காலனிப் பெண்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டு அடிகுழாய்ப் பக்கம் நடந்தார்கள். அதில் பாண்டியம்மாவும் இருந்தாள். இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம். வயிறு தெரிந்தது, ஆறாவது மாதம் இருக்கும். அட, சொல்லவே இல்லையே என்று நினைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை.

அலுவலகம் வந்ததும் சார் திட்டவில்லை. களப்புத்தகத்தைக் கேட்டார். மூன்று நாள் வைத்திருந்தார். நாலாம் நாள் கூப்பிட்டார்.

பூமியின் காந்தம் நேரத்துக்கு நேரம் மாறும். அதனால் ஒவ்வொரு இடத்திலும் எண்ணோடு மணியையும் எழுதுவது வழக்கம். சார் அந்த மணிகளின் மேல் விரலை வைத்தார். "எல்லா எடத்துக்கும் ரெண்டு நிமிஷம் ஆகுது. இங்க மட்டும் ஏழு நிமிஷம். இங்க என்ன நடந்துச்சு?"

"அந்தப் பொண்ணு தண்ணி குடிக்கப் போச்சு சார்."

"இந்தக் கோட்டுலயும் ஏழு நிமிஷம்."

"தண்ணிதான் சார்."

"மூணு கோட்டுலயும், மேடு ஆரம்பிக்கிறதுக்கு முந்தின எடத்துல தாகம் எடுக்குது. மேடு முடிஞ்சதும் மறுபடி எடுக்குது." அவர் தலையை நிமிர்த்தினார். "திரும்பி வந்தப்ப முள்ளு பாத்தீங்களா?"

ஜீப்பிலேயே கிடந்த திசைகாட்டி என் கண்முன் வந்தது. அவர் களப்புத்தகத்தை மூடி, "நாளைக்குப் போவோம்" என்றார். அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த வெட்கம் பிறகு எப்போதும் வந்ததில்லை.

அந்த 'நாளைக்கு' ஆனியில்தான் வந்தது. ஜீப், அனுமதி, கருவி என்று அலைந்து போய்ச் சேர்ந்தபோது பாண்டியம்மாவுக்கு எட்டு மாதம். காலனி முகப்பில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள், கூடவே மாமியார். சார் தரையில் உட்கார்ந்தார். "பயப்படாதீங்கம்மா. ஓடைகிட்ட போறப்ப பையில இருந்து என்ன எடுத்தீங்க?"

அவள் என்னைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள். மடியிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிப்பை எடுத்து அவிழ்த்தாள். உடைந்த அரிவாளின் பாதி. ஒரு சாண் நீளம்.

"வயித்துல ரெண்டு தங்கி, ரெண்டும் போயிருச்சு சார். இது மூணாவது. வெளியில சொல்லாம வச்சிருந்தோம். சொன்னா நீங்க வேலைக்கும் கூப்பிட மாட்டீக. சுடுகாட்டுப் பக்கம் வெறுங்கையாப் போகக் கூடாதுன்னு அத்தை சொல்லிச்சு. அந்த எடத்துல மட்டும் கைக்குள்ள வச்சு, கம்போட சேத்துப் பிடிச்சுக்கிருவேன். தாண்டினதும் கொண்டுபோய் வச்சிருவேன்." துண்டைத் திருப்பிப் பார்த்தாள். "பூமிக்குள்ள இருக்குறதப் பாக்குற மிசினுன்னுல்ல சார் நெனச்சேன். என் கைக்குள்ள இருக்குறதயும் பாக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இரும்பு பட்டால் எண் ஏறிவிடும், அதை நம்பிக் கிணற்றை ஊர்ப் பக்கம் போட்டுவிட்டோம், தண்ணீர் இந்தத் தெருவில்தான் இருக்கலாம் என்று சார் அவளுக்குச் சொன்னார். அவள் கேட்டாள்: "அப்ப, எங்க தெருத் தண்ணிய நாந்தான் கெடுத்துட்டனா சார்?"

"இல்லம்மா" என்றேன். "கெடுத்தது நான். சோதிச்சுப் பாக்குறது என் வேலை. நான் பாக்கல."

இப்போது சிக்கல் வேறு. கிணறு தோற்றது இயற்கையின் குற்றம் என்று அறிக்கை போனால் கோப்பு மூடிவிடும், அந்த ஊருக்கு இன்னொரு ரிக் வராது. எங்கள் அளவில் தப்பு என்று நிரூபித்தால்தான் இரண்டாவது கிணறு கேட்க முடியும். நிரூபிக்க ஒரே வழி, அதே கோட்டில், அதே இரும்போடு ஒரு தடவை, இரும்பு இல்லாமல் ஒரு தடவை அளப்பது. எட்டு மாதக் கர்ப்பிணியைச் சுடுகாட்டுப் பக்கம் நடக்கச் சொல்ல முடியுமா? இரும்பை வாங்கி டிரைவர் கையில் கொடுத்து நடக்கலாம். ஆனால் வயிறு தெரிந்த பிறகு அந்தத் துண்டை அவள் ஒரு நிமிஷம்கூடப் பிரிந்ததில்லை.

நான் கேட்டேன். மாமியார் எழுந்துவிட்டார். "அதெல்லாம் முடியாது சார். உச்சி நேரத்துல புள்ளத்தாச்சிகிட்ட இருந்து இரும்ப வாங்கிட்டுப் போறேங்கிறீகளே, இந்தத் தடவையும் ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

அவர் சொன்னதில் என்ன தப்பு? பிள்ளையை இழந்தவர்களுக்குத்தான் அந்தப் பயம் தெரியும். பாண்டியம்மா முடிப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தெருவில் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்த காலிக் குடங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சார் எழுந்து, தூரத்தில் நின்ற ஜீப்புக்கு நடந்தார். திரும்பி வரும்போது அவர் கையில் பாறைச் சுத்தியல். பாறையைத் தட்டிப் பார்க்க ஜீப்பிலேயே கிடக்கிற சாமான். மண்ணைத் துடைத்து, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

"இதுவும் இரும்புதாம்மா. உங்களுதவிடக் கனம். அவரு திரும்பி வர்ற வரைக்கும் இத மடியில வச்சுக்கங்க. நான் எங்கயும் போகல, இங்கேயே உக்காந்திருக்கேன்."

மூக்குக்கண்ணாடி ஆணியைக்கூடப் பொறுக்காத மனுஷன்! வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஆளாளுக்கு இரும்பைப் பிடுங்கி வைத்தவர். கிண்டலாகவும் கொடுக்கவில்லை, சும்மா சமாதானத்துக்கும் கொடுக்கவில்லை. அவள் சுத்தியலை வாங்கி மடியில் வைத்து, அதன் கனத்தைப் பார்த்தாள். பிறகு அரிவாள் துண்டை என்னிடம் நீட்டினாள். "சுருக்காக் கொண்டாந்து குடுத்துருங்க சார்."

அன்று நான் நடந்த மாதிரி என்றைக்கும் நடந்ததில்லை. முதலில் திசைகாட்டி. டிரைவர் உடம்பில், என் உடம்பில், தலை முதல் கால் வரை. பிறகு பேஸ். பிறகு ஓடையை ஒட்டிய இடங்கள். இரும்பு டிரைவர் கையில் இருந்தபோது மேடு வந்தது, எழுதினேன். இரும்பை இருநூறு அடிக்கு அப்பால் வைத்துவிட்டு அதே இடங்களை அளந்தோம். தட்டையாக இருந்தது. சுவரும் இல்லை, வரப்பும் இல்லை. ஒரு சாண் அரிவாளை நான் மலை மாதிரி வரைந்து, அதற்கு மேல் ஒரு ஊரின் தண்ணீரைக் கட்டி வைத்திருந்தேன். மறுபடி பேஸ். சரியாக ஐம்பது நிமிஷத்தில் திரும்பி ஓடினேன்.

வேப்பமரத்தடியில் சார் வெயில் பக்கம் உட்கார்ந்திருந்தார், நிழலை அவர்களுக்கு விட்டுவிட்டு. மாமியார் அவருக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்திருந்தார். அந்தத் தெருவில் ஒரு செம்புத் தண்ணீர் என்றால் என்னவென்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். பாண்டியம்மா அரிவாள் துண்டை வாங்கி மடியில் செருகிக்கொண்டாள். டிரைவர் சுத்தியலுக்குக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. கொடுக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை, கை மட்டும் விடவில்லை.

"இருக்கட்டும்" என்றார் சார். "பிள்ளை பொறந்த பெறகு வாங்கிக்கிருவோம்."

மறுநாள் காலனிக்குள் மட்டத்தை மூன்று தடவை பார்த்தோம். உயரத்தில் தப்பு இல்லை. ஈர்ப்புப் பள்ளம் நிஜம். அது முதலிலிருந்தே சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

அறிக்கையை நானே எழுதினேன். முதல் வரைவில், 'கூலிப் பெண் இரும்பு வைத்திருந்ததால்' என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். பொய் இல்லை. சார் அதற்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டார்.

"இரும்பு அவங்க கையில இருந்துச்சு. சரி. முள்ளு யார்கிட்ட இருந்துச்சு?"

அந்த வாக்கியத்தை அடித்தேன். 'காந்த அளவீட்டின்போது திசைகாட்டிச் சோதனை செய்யப்படவில்லை. செய்யத் தவறியதும், செய்ததாக மேலதிகாரியிடம் கூறியதும் நான்' என்று எழுதினேன். எனக்கு மெமோ வந்தது. பதவி உயர்வு இரண்டு முறை தள்ளிப்போனது. என் மனைவி சொந்தக்காரர்களிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் கொஞ்ச காலம் கல்யாண வீடுகளுக்கே போகவில்லை. எல்லாம் நியாயம்தான். சித்திரையிலிருந்து ஐப்பசி வரை அந்தப் பெண்கள் ஓடையைத் தாண்டி நடந்தார்களே, அதற்கு யார் மெமோ கொடுப்பது?

ஐப்பசியில் இரண்டாவது ரிக் வந்தது. ஆட்டுக்கொட்டடியை ஒட்டி இறக்கினார்கள். நூற்றெண்பது அடியில் புழுதி ஈரமானது. இருநூற்றுப் பத்தில் தண்ணீர் பீறிட்டு அடித்தது. காலனிப் பெண்கள் குலவை போட்டார்கள். ஊர்ப் பக்கமிருந்தும் குடங்கள் வந்தன. அவர்களுக்கும் தாகம்தானே. காலனிப் பெண்கள் பிடித்து முடிக்கும் வரை அன்று அவர்கள் காத்திருந்தார்கள்.

கூட்டத்தில் பாண்டியம்மாவைக் காணாமல் சாரும் நானும் வேப்பமரத்தடிக்குப் போனோம். கிளையில் சேலைத் தொட்டில். உள்ளே மூன்று மாதப் பெண்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தொட்டிலுக்கு அடியில், மஞ்சள் துணி சுற்றி, எங்கள் பாறைச் சுத்தியல் தொங்கிக்கொண்டிருந்தது. பாண்டியம்மா எழுந்து நின்றாள். சார் குழந்தையைப் பார்த்தார், தொட்டிலுக்கு அடியில் பார்த்தார். "நல்லா இருக்கட்டும்" என்றார். வந்துவிட்டோம். சுத்தியலைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை.

அடுத்த மார்ச்சில் ஸ்டாக் சரிபார்த்தபோது சார் அந்த வரிக்கு வந்ததும் பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். 'களப்பணியில் உள்ளது' என்று எழுதினார். அவர் ஓய்வு பெறும் வரை அவர் எழுதினார். பிறகு நான். இப்போது அவர் இல்லை.

நிவேதாவுக்குப் பதில் சொல்ல வேண்டுமே. நேரில் பார்க்காமல் எழுதுவது இல்லை என்று ஒரு சட்டம், தாமதமாகத்தான் என்றாலும், எனக்கும் வந்திருந்தது. போன வாரம் பஸ் ஏறிப் போனேன். கிணற்றில் இப்போது மோட்டார், பக்கத்தில் தொட்டி, நாலு குழாய். பாண்டியம்மாவுக்குத் தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டாள். உடனே அவள் முகம் மாறியது.

"சுத்தியல வாங்கிட்டுப் போக வந்தீகளா சார்?"

"இல்லம்மா. இருக்கான்னு பாக்கத்தான் வந்தேன்."

"எங்கிட்ட இல்ல சார். அது எங்க ஒரு வீட்டுல நிக்குது? இந்தத் தெருவுல யாரு உண்டானாலும் அங்க போயிரும். பிடி ரெண்டு தடவை மாத்தியாச்சு. வாங்க, காட்டுறேன்."

மூன்றாவது வீட்டில் இருந்தது. புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகள், ஐந்தாம் மாதம். தலைமாட்டில் வைத்திருந்தாள். எண்ணெய் போட்டுத் துடைத்து, துரு ஒரு பொட்டு இல்லை. நான் தொடவில்லை. வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டே நிவேதாவுக்குப் போன் செய்தேன்.

"சுத்தியல் விஷயம் விசாரிச்சீங்களா சார்? கண்டம்னு போடவா, காணலைன்னு போடவா?"

"ரெண்டும் வேணாம்மா. நேர்ல போய்ப் பாத்துட்டேன். களப்பணியில்தான் இருக்கு."